வீட்டுக்காரரைப் பார்த்துக் குரைத்த சூட்டி

கண்டி ஆஸ்பத்திரியிலிருந்து அவரை ஏற்றிக்கொண்டு வந்த வேன், எங்கள் வீட்டுக்குக் கீழே சிலுவை வளைவில் வந்து நின்றபோது மழை விட்டிருந்தது. ரோட்டோரம் ஒரு சின்னக் கூட்டம். பக்கத்து வீட்டுக்காரர்கள், மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு அப்படியே வந்த பெண்கள், கோயில் பக்கமிருந்து வந்த சிலர். எல்லோருக்கும் அவரைப் பார்க்க வேண்டும். பார்த்ததும் என்ன பேசுவது என்று ஒருவருக்கும் தெரியாது.

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து வாசிப்பவர்களுக்கு என் வீட்டுக்காரர் அந்தோனியைத் தெரியும். இந்த வாரம்தான் பத்திரிகையைப் புரட்டுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஹட்டன் - பொகவந்தலாவை ரோட்டில் காலமெல்லாம் தனியார் பஸ் ஓட்டிய மனிதர். நான் அதே ரோட்டோரத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒரு நாள் காலையில் பல் துலக்கப் போனவர் வாளியோடு சரிந்து விழுந்தார். பாரிசவாதம். வலது கையும் வலது காலும் போயின. வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. பேச்சு குழறியது. மாதக்கணக்கில் கண்டியில் கிடந்துவிட்டு அன்றைக்குத்தான் வீட்டுக்கு வருகிறார்.

வேன் கதவு திறந்ததும் எல்லோரையும் முந்திக்கொண்டு ஓடி வந்தது சூட்டி. எங்கள் நாய். என் நாய் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அது அவருடைய நாய்.

தங்கராஜ் அவரைத் தாங்கிப் பிடித்துக் கீழே இறக்கினான். தங்கராஜ் என்னிடம் பாடம் படித்தவன், அவரிடம் தொழில் படித்தவன். அவருக்குக் கீழே கண்டக்டராக இருந்து, இப்போது அவர் ஓட்டிய அதே பஸ்ஸை ஓட்டுகிறான். அவருடைய இடது கையில் ஆஸ்பத்திரியில் கொடுத்த நாலு கால் ஊன்றுகோலைப் பிடிக்க வைத்தான். அவர் அதைத் தூக்கி 'டக்' என்று ரோட்டில் வைத்து, செத்துப்போன காலை இழுத்து ஓர் அடி வைத்தார்.

சூட்டி அப்படியே நின்றது. அதன் முதுகு முடி சிலிர்த்ததை நான் பார்த்தேன். பிறகு குரைத்தது. தெருவில் போகிற பழைய இரும்புக்காரனைப் பார்த்துக் குரைக்கிற அதே குரைப்பு.

"என்னா டிரைவரய்யா, ஒங்க நாயே ஒங்கள ஊட்டுக்குள்ள விடமாட்டேங்குதே?" என்று கூட்டத்தில் யாரோ சிரித்துக்கொண்டு கேட்டார்கள். சங்கடத்தைப் போக்கத்தான் கேட்டிருப்பார்கள். ஆனால் அவருடைய முகத்தில், அசையக்கூடிய பாதியில், ஏதோ சட்டென்று இறங்கிப் போயிற்று. வாதம் வந்தபோதுகூட அவர் அழவில்லை. அன்றைக்குக் கண் கலங்கினார்.

டீசல் குடித்து வளர்ந்த பிள்ளை

சூட்டி எங்கள் வீட்டுக்கு வந்த கதையைச் சொன்னால்தான் அந்தக் கண்ணீர் புரியும்.

ஒரு முறை பஸ்ஸை எஞ்சின் வேலைக்காகக் கினிகத்தேனைக்குக் கீழே, பொல்பிட்டிய பக்கம் ஒரு கராஜில் விட்டிருந்தார். கராஜ்காரர் சிங்களவர், நல்ல மனிதர். அங்கே ஒரு தாய் நாய் குட்டிகளை ஈன்றுவிட்டு லொறியில் அடிபட்டுச் செத்திருந்தது. மிஞ்சியது ஒரே ஒரு குட்டி. அது சூடு தேடி, நிறுத்திய பஸ்களின் எஞ்சினுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொள்ளுமாம். கராஜ்காரர் அதைச் 'சூட்டி' என்று கூப்பிட்டார். சிங்களத்தில் சூட்டி என்றால் பொடிசு.

அந்தப் பொடிசைத் தன் காக்கி ஜாக்கெட்டில் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு இவர் மலையேறி வந்துவிட்டார். "எனக்கு நாய் பிடிக்காதுன்னு தெரியாதா?" என்று கேட்டேன். "ஒனக்கு நானுந்தான் பிடிக்காம இருந்தேன், டீச்சரம்மா" என்றார். இப்படித்தான் பதில் சொல்வார்.

பொடிசு வளர்ந்து கன்றுக்குட்டி உயரத்துக்கு வந்தது. பெயர் மட்டும் பொடிசாகவே நின்றுவிட்டது.

எங்கள் ரோட்டில் வளைவுக்கு வளைவு ஹாரன் அடிக்காமல் பஸ் ஓட்ட முடியாது. எதிரே வருவது தெரியாது. ஒவ்வொரு டிரைவருக்கும் ஓர் அடி உண்டு. சிலர் பாட்டே போடுவார்கள். இவருடையது குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று. சாயந்திரக் கடைசி நடையில் பாலத்தடி வளைவில் அந்தச் சத்தம் கேட்டதும், சூட்டி எங்கே இருந்தாலும் எழுந்து படிகளில் பாய்ந்து இறங்கி ரோட்டோரம் போய் நிற்கும். மற்ற பஸ்கள் எத்தனை போனாலும் தலையைக்கூட நிமிர்த்தாது.

இன்னும் பொகவந்தலாவை வரை போய்ப் பஸ்ஸை விட்டுவிட்டுத்தான் அவர் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். இருந்தும் எங்கள் வீட்டுக்குக் கீழே பஸ் ஹோல்டில் நிறுத்தி, ஒரு நிமிடம் இறங்கி, அதன் காதைத் திருகிவிட்டு மறுபடி ஏறிப் போவார். பஸ் நிறைய சனம் காத்துக்கொண்டிருக்கும். எனக்கு வெட்கமாக இருக்கும். என்னைப் பார்க்க ஒருநாளும் இப்படிப் பஸ்ஸை நிறுத்தி இறங்கியதில்லை.

நான் யார் அதற்கு?

ஓய்வு பெற்ற டீச்சருக்குப் பொழுது போகாது. மாணவர்களை எடை போட்டுப் பழகிய புத்தி, வீட்டில் இருக்கிறவர்களையும் எடை போடும். சூட்டியின் கணக்கில் நாங்கள் ஒவ்வொருவரும் யார் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன்.

நான் ஒரு சட்டி மூடி. அந்தச் சத்தம் கேட்டால் வரும். மூடியை மற்றவர்கள் திறந்தாலும் அதே பாசத்தோடு வரும். அதனால் என் மீது பாசமா, மூடி மீது பாசமா என்பதை நான் நோண்டி நோண்டிக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

கொழும்பில் வேலை செய்கிற எங்கள் மகள் வாரத்துக்கு ஒருமுறை வாட்ஸ்அப்பில் வருவாள். "சூட்டீ..." என்று திரையிலிருந்து கூப்பிடுவாள். அவள் லீவில் வந்தால் கட்டிப் புரளுகிற நாய், போனில் அவளுடைய குரலைக் கேட்டதும் காதை நிமிர்த்தும். போனுக்குப் பின்னால் போய்ப் பார்க்கும். அங்கே ஆளைக் காணாது. முகர்ந்து பார்க்கும், வாசனையும் இருக்காது. பிறகு போய்ப் படுத்துவிடும். திரையில் தெரிந்த முகத்தை அது ஒருநாளும் மதித்ததில்லை. மகளுக்கு வருத்தம்.

நமக்கு ஆள் என்றால் முகம். நாய்க்கு அப்படியில்லை என்று அந்த நாட்களில்தான் கண்டுகொண்டேன். அதற்கு ஆள் என்பது சத்தமும் வாசனையும் நடையும் வருகிற நேரமும் எல்லாம் சேர்ந்த ஒன்று. அவரை எடுத்துக்கொண்டால், ஹாரன், பிரேக்கின் பெருமூச்சு, டீசல் வாடை, படிகளில் இரண்டு இரண்டாகத் தாவி ஏறுகிற கனமான காலடி, "டேய் பொடிசு" என்கிற கட்டைக் குரல். இவ்வளவும் சேர்ந்துதான் அந்தோனி.

கண்டியிலிருந்து வந்த மனிதரிடம் இதில் ஒன்றுகூட இல்லை. டீசலுக்குப் பதில் வாதத் தைல வாடை. தாவி ஏறுகிற காலுக்குப் பதில் 'டக்' என்று ஊன்றி 'சர்ர்' என்று இழுக்கிற நடை. குரலோ, எனக்கே பாதி விளங்காது. அந்த ஊன்றுகோல் வேறு. தடி வைத்திருக்கிற ஆளை எந்த நாய்க்குத்தான் பிடிக்கும்?

இதையெல்லாம் நான் அவருக்குச் சொன்னேன். பாடம் நடத்துகிற மாதிரியே சொன்னேன். அவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

செவலையை ஏமாற்றிய அப்பா

இந்த இடத்தில் எனக்கு எங்கள் செவலைப் பசுவின் ஞாபகம் வந்திருக்கக் கூடாது. வந்துவிட்டது.

நான் பிறந்தது தோட்டத்து லயத்தில். வரிசையாக வீடுகள், எல்லா வீட்டுக்கும் முன்னால் ஓடுகிற ஒரே இஸ்தோப்புத் திண்ணை, பின்னால் மாட்டுக் கொட்டில்கள். எங்கள் செவலை, அம்மாவைத் தவிர வேறு யாருக்கும் பால் விடாது. அம்மா அதைத் திட்டிக்கொண்டே கறப்பார். "சனியனே, காலத் தூக்காத, ஒழுங்கா நில்லு" என்று ஆரம்பித்துக் குவளை நிறையும் வரை திட்டு ஓயாது.

தம்பி பிறந்த சமயம் அம்மா தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருந்தார். அப்பா கறக்கப் போனார். செவலை ஓர் உதை விட்டது. குவளை ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம். மடி கட்டிப்போய் மாடு கதற ஆரம்பித்தது.

மறுநாள் அப்பா அம்மாவின் படங்கை இடுப்பில் கட்டினார். அம்மாவின் தலைத்துண்டைத் தலையில் போட்டார். மீசையைத் துண்டால் மறைத்துக்கொண்டு, குரலைக் கீச்சென்று மாற்றி, "சனியனே, ஒழுங்கா நில்லு" என்றார். லயம் முழுக்க இஸ்தோப்பில் வந்து நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. செவலை நின்றது. பால் விட்டது.

அம்மா வந்ததும் அப்பா பெருமையடித்தார், "மாட்ட ஏமாத்திப்புட்டேன் பாத்துக்க." அம்மா தம்பியை மடியில் மாற்றிப் போட்டபடி சொன்னார், "மாடு எங்க ஏமாந்துச்சு? ஒங்களப் பாக்கப் பாவமா இருந்திருக்கும், குடுத்திருச்சு."

அம்மாவின் பதிலைத்தான் நான் ஞாபகம் வைத்திருக்க வேண்டும். என் மண்டையில் நின்றது அப்பாவின் வேஷம்.

ஜாக்கெட்

அவருடைய உடுப்பையெல்லாம் நான் சுத்தமாகத் துவைத்து மடித்து வைத்திருந்தேன். ஒன்றிலும் பழைய வாடை இல்லை. ஆனால் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஓர் ஆணியில் அவருடைய பழைய காக்கி ஜாக்கெட் தொங்கியது. அவர் திரும்பி வரும் வரை அதை எடுக்க மாட்டேன் என்று தங்கராஜ் அப்படியே விட்டிருந்தான். நான் கேட்டதும் மறுநாளே கொண்டு வந்தான்.

"இதப் போட்டுக்குங்க" என்றேன்.

"எ... எதுக்கு?"

"போடுங்களேன். சூட்டி வரும் பாருங்க."

அவருடைய கண்ணில் ஆசை தெரிந்தது. செத்த கையை முதலில் நுழைத்து, பிறகு நல்ல கையை நுழைத்து மாட்டிவிட்டேன். ஊன்றுகோலைக் கதவுக்குப் பின்னால் ஒளித்தேன். கதிரையில் உட்கார வைத்துவிட்டுச் சூட்டியைக் கூப்பிட்டேன்.

வாசலில் வந்து நின்றது. மூக்கு துடித்தது. டீசல் வாடை எட்டியிருக்க வேண்டும். வால் ஆட ஆரம்பித்தது, பிறகு உடம்பே ஆடியது. முனகிக்கொண்டு உள்ளே ஓடி வந்து ஜாக்கெட்டின் மடியில் முகத்தைப் புதைத்தது. நான் தங்கராஜைப் பார்த்து, "பாத்தியா?" என்றேன்.

அப்போது அவர் குனிந்து, "டே... போ... பொ..." என்று ஏதோ சொல்ல வந்தார். சொல் உடைந்து கோணலாக வந்தது. சூட்டி தலையை நிமிர்த்தி அவருடைய முகத்தைப் பார்த்தது. ஓர் அடி பின்னால் போனது. பல்லைக் காட்டி உறுமியது.

நாய் நினைத்ததை நான் அப்படியே வாசித்தேன். என் ஆளின் சட்டையைத் திருடிப் போட்டுக்கொண்டு, என் ஆளின் கதிரையில் வந்து உட்கார்ந்திருக்கிறான் ஒருவன்.

தங்கராஜ் அதை இழுத்துக்கொண்டு வெளியே போனான். நான் ஜாக்கெட்டைக் கழற்றினேன். அவர் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னார்.

"வேணாம்... டீச்சரம்மா. சூட்டிய... யாருக்காவது... குடுத்திரு."

கந்தப்பளையில் தங்கராஜின் மச்சான் மரக்கறித் தோட்டம் வைத்திருந்தார். காவலுக்கு நல்ல நாய் தேடுகிறார் என்றான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சூட்டியைக் கொண்டு போவது என்று முடிவாயிற்று.

நாய் போவதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அவர் போய்க்கொண்டிருந்ததுதான் பயமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்த பயிற்சி எதையும் செய்வதில்லை. எழுப்பினால் எழுவதில்லை. ஊட்டினால் விழுங்குவார், இல்லாவிட்டால் கேட்க மாட்டார். இந்த ரோட்டில் இத்தனை வருஷம் பஸ் ஓட்டிவிட்டு, என் வீட்டுக்காரர் ஒரு நாயிடம் தோற்றுப்போனதாக நினைத்து உயிரை விட்டுவிடுவாரோ என்று பயந்தேன்.

ஜன்னல்

பின் அறையில் இருட்டாக இருக்கிறது, வெளிச்சம் பட்டாலாவது மனசு மாறட்டும் என்று, அந்த வாரம் அவருடைய கட்டிலை முன் அறைக்கு மாற்றினேன். ஜன்னலால் பார்த்தால் படிகளும் ரோடும் ஹோல்டும் தெரியும்.

அன்று சாயந்திரம் பாலத்தடி வளைவில் ஹாரன் கேட்டது. குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று. தங்கராஜும் அப்படித்தான் அடிப்பான். குருவின் வழி.

சூட்டி பின்பக்கக் கொட்டிலிலிருந்து கிளம்பிப் படிகளில் பாய்ந்தது. ரோட்டோரம் தன் இடத்தில் போய் நின்றது. பஸ் வந்து நின்றது. இறங்கிய ஒவ்வொருவரையும் நிமிர்ந்து பார்த்தது. கதவு அடைபட்டு பஸ் போயிற்று. புகை கலைகிற வரை அங்கேயே நின்றது. பிறகு வாலைத் தொங்கப்போட்டுக்கொண்டு மெல்லப் படியேறி வந்தது.

"யாரத்... தேடுது?" என்று கேட்டார்.

எனக்கு அது பழகிப்போன காட்சி. இவர் விழுந்த நாளிலிருந்து அது அப்படித்தான் போகிறது. ஒருமுறை மனசு கேட்காமல், வளைவில் ஹாரன் அடிக்காமல் வரச் சொல்லித் தங்கராஜிடம் சொல்லிப் பார்த்தேன். அன்றைக்கு அது நேரமானதும் தானாகவே ரோட்டுக்குப் போய், அந்த பஸ் போனதும் தெரியாமல் தூறலில் நின்றுகொண்டே இருந்தது. அதற்கு ஹாரனே மேல் என்று விட்டுவிட்டேன்.

"யாரத் தேடும்? ஒங்களத்தான்" என்றேன்.

"என்னைய... பாத்தா... கொலைக்குதே."

"பாத்தா கொலைக்குது. பாக்காம ஏங்குது. நான் என்னா செய்ய?"

கோபத்தில்தான் சொன்னேன். அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். அது தன்னை மறந்துவிட்டது என்று இத்தனை நாளும் நினைத்திருக்கிறார். மறக்கவில்லை, தன்னைத்தான் தினமும் ரோட்டில் போய்த் தேடுகிறது என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிகிறது.

"நான்... இங்கதான்... இருக்கேன்னு" என்றார். மூச்சு வாங்கியது. "அதுக்கு... யாரு சொல்றது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. சமையலறைக்குப் போய் அழுதேன்.

திரும்பி வந்தபோது அவர் இடது கையை ஊன்றித் தானாக எழுந்து உட்கார்ந்திருந்தார். "ஞாயித்துக்கெழம... வேணாம்னு... தங்கராசுக்குச் சொல்லு" என்றார்.

ஏறும்போது நல்ல கால்

ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கெட்ட கால் முதலில். கண்டியில் பயிற்சி கொடுத்த பெண் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார். என் தொண்டை வறண்டு போகிற அளவுக்கு நானும் சொல்லியிருக்கிறேன். கேட்காத மனிதர், இப்போது காலையில் நான் அடுப்பு மூட்டுவதற்கு முன்பே நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கினார். பஸ்ஸின் முதல் படி உயரம். அதற்காக வாசற்படியின் மேல் ஒரு பலகைக்கட்டையை வைக்கச் சொன்னார். விழுந்தார். எழுந்தார். என்னைத் திட்டினார். திட்டுவதற்காவது வாய் திறக்கிறதே என்று நான் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன்.

என்ன செய்யப் போகிறார் என்று எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது. விளங்கியதும் முதலில் வந்தது கோபம்தான், மறைக்க என்ன இருக்கிறது? நான் கெஞ்சி, மகள் கெஞ்சி, பாதிரியார் வந்து ஜெபித்து அசையாத கால், ஒரு நாய்க்காக அசைகிறது.

"எனக்காக இப்புடி ஒரு நா எழுந்திருச்சிருக்கீங்களா?" என்று கேட்டே விட்டேன்.

அவர் நிலைப்படியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "ஒனக்குத்... தெரியுமே" என்றார். "நான்தான்னு... ஒனக்குத் தெரியும். அதுக்குத்... தெரியாதுல்ல."

நான் குனிந்து அந்தப் பலகைக்கட்டையை ஆடாமல் பிடித்துக்கொண்டேன்.

ஒரே ஒரு ஹோல்ட்

மூடுபனி இறங்கிய ஒரு சாயந்திரம். சூட்டி பின்பக்கம் இருந்த சமயம் பார்த்து, ஆட்டோவில் அவரை ஏற்றிக்கொண்டு பாலத்தடிக்குப் போனேன். எங்கள் வீட்டுக்கு ஹட்டன் பக்கமாக ஒரு ஹோல்ட் முன்னால். ஷேவ் செய்து, பவுடர் போட்டு, அந்தக் காக்கி ஜாக்கெட்டையும் மாட்டியிருந்தார். பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட இவ்வளவு கவனமாகத் தலை வாரி வந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

பஸ் வந்தது. தங்கராஜ் எங்களைப் பார்த்ததும் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தான். கதவு சரியாக அவர் முன்னால் வருகிற மாதிரி நிறுத்தினான். கண்டக்டர் கை கொடுக்க வந்தார். என் வீட்டுக்காரர் தலையை ஆட்டி வேண்டாம் என்றார். நல்ல கால் முதலில். கண்டக்டர் இரண்டு கையையும் விரித்து, தொடாமல், பின்னாலேயே நின்றார். ஏறிவிட்டார்.

மதகுருமாருக்கு ஒதுக்கிய முன் சீட்டில் உட்கார வைத்தோம். அதில் இருந்த இரண்டு பேர் சொல்லாமலே எழுந்துகொண்டார்கள்.

"அண்ணே, ஹாரன நீங்க அடிக்கிறீங்களா?" என்று தங்கராஜ் திரும்பிக் கேட்டான்.

"நீ... அடி. எனக்கு... எறங்குற வேல இருக்கு."

குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று.

வளைவு திரும்பியதும் நான் ஜன்னலால் பார்த்தேன். சூட்டி படிகளில் பாய்ந்து வந்துகொண்டிருந்தது. வழக்கமான இடத்தில் நின்றது. வால் ஆடியது. பஸ் நின்றது.

ஊன்றுகோலை அவர் என் கையில் கொடுத்தார். "நீ... பெறகு எறங்கு."

இடது கையால் கம்பியைப் பிடித்தார். கெட்ட கால் முதலில். கால் தரையைத் தேடித் தடவி, ஊன்றியது. பிறகு மற்றது. ரோட்டில் நின்றார், கம்பியை விடாமல். எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. புகையும் பனியும் கலந்து அவரைச் சுற்றிக்கொண்டது.

அவர் கூப்பிடவில்லை. தன் குரலை அவர் நம்பவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. சும்மா நின்றார்.

சூட்டியின் முதுகு முடி லேசாக எழுந்தது. பிறகு மூக்கு உயர்ந்தது. ஓர் அடி வந்தது. அவர் காலில் இருந்த சப்பாத்தை முகர்ந்தது. முழங்காலை முகர்ந்தது. தொங்கிக்கொண்டிருந்த அந்த வலது கையை நெடுநேரம் முகர்ந்தது. நிமிர்ந்து அவருடைய முகத்தையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தது.

ஒரு சத்தம் போட்டது. குரைப்பில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் அம்மாவைக் காணாத பிள்ளை, கொஞ்ச நேரம் கழித்துக் காணும்போது அழுமே, அந்தச் சத்தம். இரண்டு காலையும் தூக்கி அவர் மார்பில் போட்டது. கண்டக்டர் பாய்ந்து பின்னாலிருந்து அவரைப் பிடித்திருக்காவிட்டால் இரண்டு பேரும் ரோட்டோரக் காண் வாய்க்காலுக்குள் விழுந்திருப்பார்கள். அவருடைய கன்னத்தை, கோணிய வாயை, காதை நக்கியது. அவர் சிரித்தார். பாதி முகம்தான் சிரித்தது. எனக்கு அது போதும்.

பின்னால் வந்த ஒரு வேன்காரன் அவசரப்பட்டு ஹாரன் அடித்தான். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கொழுந்துக்காரப் பெண் ஒருவர் தலையை வெளியே நீட்டி, "கொஞ்சம் பொறுப்பா! டிரைவரய்யா இப்பத்தான் ஊட்டுக்கு வந்திருக்காரு" என்று சத்தம் போட்டார்.

பஸ்ஸில் ஒருவரும் நேரமாகிறது என்று சொல்லவில்லை. தங்கராஜ் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்திருந்தான். கடைசியில் அவர்தான் இடது கையால் பஸ்ஸின் தகட்டில் இரண்டு தட்டுத் தட்டினார். "போ...ங்கப்பா. டைமாச்சு."

நான் இறங்கி ஊன்றுகோலைக் கொடுத்தேன். சூட்டி அதையும் ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டது. படியேறினோம். அவர் ஒரு படி ஏறி நிற்க, அதுவும் ஒரு படி ஏறித் திரும்பிப் பார்த்து நின்றது. இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

மறுநாள் சாயந்திரம் அவர் முன் அறையில் கதிரையில் இருந்தார். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். பாலத்தடி வளைவில் ஹாரன் கேட்டது. சூட்டி காதை நிமிர்த்தியது. எழுந்து வாசல் வரை போனது. அங்கே நின்று, திரும்பி, கதிரையைப் பார்த்தது.

பிறகு வந்து அவருடைய காலடியில் படுத்துக்கொண்டது. பஸ் நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போயிற்று.